முள் குத்தியதாகச் சொன்ன அக்கா

நான்கு வருடங்களுக்கு முன், காப்பிப் பழம் பறிக்கிற சீசனில், நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நடந்தது இது. மார்கழி மாதம். காலை பத்து மணி ஆகியும் பனி விலகாமல், எதிரே வருகிறவர் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நான் ஒரு மெக்கானிக். ஏற்காடு டவுனில் சின்னதாக ஒரு ஷெட் போட்டிருக்கிறேன். ஆனால் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிற நேரம் குறைவு. பைக்கில் சாமான் பையை மாட்டிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் மோட்டார், புல் வெட்டுகிற மெஷின், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் எல்லாவற்றையும் பார்த்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. சீசனில் எங்களுக்குத் தலைவலி இந்தப் பல்ப்பர்தான். பறித்த பழத்தை அன்றைக்கே உரித்தாக வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் புளித்துப் போய்விடும். அதனால் மத்தியானம் பழம் வந்து இறங்குவதற்குள் மெஷினைத் துடைத்து, கிரீஸ் அடித்து, தயாராக வைத்துவிட வேண்டும்.

கிரீஸ் அடிக்கிற கருவியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் கிரீஸ் கன் என்போம். ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் குழாய், அதற்குள் கிரீஸ். அமுக்குவதற்கு ஒரு கைப்பிடி. முன்னால் வளைகிற மாதிரி ரப்பர் ஓஸ், அதன் நுனியில் ஒரு வாய். மெஷினில் பேரிங் இருக்கும் இடத்தில் பட்டாணி அளவில் ஒரு நிப்பிள் இருக்கும். அந்த வாயை நிப்பிளைக் கவ்வ வைத்து, கைப்பிடியை அமுக்கி அமுக்கி விட்டால் கிரீஸ் உள்ளே போகும். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். நானும் பத்து வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னுடைய கன்னில் இரண்டு கோளாறு இருந்தது. வாய் தேய்ந்து போய் நிப்பிளை ஒழுங்காகக் கவ்வாது, நழுவும். அந்த வாய்க்குச் சற்று மேலே ஓஸில் ஒரு கீறல். அதற்குப் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றி, கம்பி போட்டு இறுக்கிவிட்டிருந்தேன். புது ஓஸ் வாங்க சேலத்துக்கு இறங்க வேண்டும். சீசனில் யார் இறங்குவது, பொங்கல் கழியட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த ட்யூப் சுற்றை ஊரெல்லாம் காட்டிப் பெருமை வேறு பேசிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த எஸ்டேட்டில் பல்ப்பர் பக்கம் வேலை பார்க்கிற ஒரு அக்கா உண்டு. நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையில் பல்ப்பர் ஹவுஸைக் கழுவி விடுவது, மத்தியானம் வரை மலைச்சரிவில் பழம் பறிப்பது, அப்புறம் திரும்ப வந்து மெஷினுக்குப் பழம் தள்ளுவது என்று மூன்று ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்வார். பழம் பறிப்பதில் அவர் கை போகிற வேகத்துக்கு யாரும் ஈடில்லை. நான் எப்போது போனாலும் கருப்பட்டி போட்ட காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் வீட்டுக் கைக்குழந்தையைப் பற்றி விசாரிப்பார். எனக்கு அப்போது மகள் பிறந்து இரண்டு மாதம்.

அன்றைக்கு ஒரு நிப்பிள் அடைத்துக்கொண்டிருந்தது. பழச்சாறும் பழைய கிரீஸும் சேர்ந்து காய்ந்து கல்லாகியிருந்தது. போதாததற்குக் குளிரில் கன்னுக்குள் இருந்த கிரீஸும் கெட்டிப்பட்டுவிட்டது. அமுக்கினால் உள்ளே போகாமல் வாய் நழுவி நழுவி வந்தது. ஒரு கையால் கன்னைப் பிடித்து, ஒரு கையால் அமுக்கினால் வாயைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? எனக்குப் பொறுமை குறைவு. தரையைக் கழுவிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இத கொஞ்சம் அமுக்கிப் புடிங்க. நான் அடிக்கறேன்."

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, நான் காட்டிய இடத்தில் ஓஸைப் பிடித்துக்கொண்டார். சரியாக அந்த ட்யூப் சுற்றின் மேல் அவருடைய வலது ஆள்காட்டி விரல். நான் கைப்பிடியை அமுக்கினேன். போகவில்லை. முட்டியை ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினேன். சொடக்கு போட்டது போல ஒரு சத்தம். அக்கா "ஸ்" என்று கையை உதறினார்.

பதறிப்போய்ப் பார்த்தேன். விரல் நுனியில் ஊசி குத்தியது போல ஒரு பொட்டு. அவ்வளவுதான். ரத்தம்கூட வரவில்லை.

"ஒண்ணுமில்ல தம்பி. சுருக்குன்னுச்சு. வலியெல்லாம் இல்ல" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "கிரீஸுக்கு உங்க மேல ஆசை போலிருக்குது அக்கா" என்று கிண்டல் வேறு செய்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் ஒரு ஆணியை வைத்து நிப்பிளைச் சுரண்டி, அடைப்பை எடுத்து, நானே எப்படியோ அடித்து முடித்தேன். முதலிலேயே அதைச் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பதினொன்றரை மணி இருக்கும். எஸ்டேட் ரைட்டர் வந்தார். ஆள் கணக்கு, வேலைக் கணக்கு எல்லாம் பார்க்கிறவர், கண்டிப்பானவர். அக்கா விளக்குமாற்றை இடது கையில் பிடித்துக் கூட்டுவதைப் பார்த்துவிட்டு, கையைக் காட்டச் சொன்னார். விரல் லேசாக வீங்கி வெளுத்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "முள்ளு குத்திருச்சுங்க" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் யாருக்கு என்ன அடிபட்டாலும் முள் என்பார்கள், கட்டை என்பார்கள், வழுக்கிவிட்டது என்பார்கள். மெஷின் என்று மட்டும் வாயில் வராது. மெஷின் என்று சொல்லிவிட்டால் உடனே மெஷினை நிறுத்துவார்கள், பறித்த பழம் கெடும், யார் பக்கத்தில் இருந்தது என்று விசாரணை வரும், யாராவது ஒருவருக்கு வேலை போகும். அந்த ஒருவர் யாரென்று எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். குனிந்து, ஏற்கெனவே இறுக்கி முடித்திருந்த ஒரு நட்டை மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

ரைட்டர் அவரை எஸ்டேட் நர்ஸம்மாவிடம் அனுப்பி வைத்தார். முள் என்று சொன்னால் முள்ளுக்கு என்ன வைத்தியமோ அதைத்தானே செய்வார்கள்? ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் மத்தியானம் மெஷினை ஓட விட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று மணிக்கு நாகலூரில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மழையில் சரிந்த மண்ணை அள்ளுவதற்காக ரோட்டோரம் ஒரு பொக்லைன் நின்றிருந்தது. அதன் ஆபரேட்டர் என் பைக்கில் தொங்கிய கிரீஸ் கன்னைப் பார்த்துவிட்டு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், ஆத்தூர்ப் பக்கத்துக்காரராம். முன்பின் பார்த்ததில்லை.

"ஏனுங்ணா, கன்னு கொஞ்சம் குடுங்க. பக்கெட் பின்னு கத்துது. ரெண்டு அமுக்கு அமுக்கிட்டுக் குடுத்தர்றேன்."

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். ட்யூப் சுற்றியிருந்த இடத்தில் விரலை வைக்காமல், தள்ளி வைத்து உற்றுப் பார்த்தார். ட்யூப் பிளந்து, கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

"இத வெச்சுக்கிட்டா அடிக்கறீங்க? கைல பாஞ்சா என்ன ஆகும்னு தெரியுங்களா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நீளம். "காலைலகூட ஒரு அக்கா கைல பட்டுச்சு. ஒரு பொட்டுதான். அவங்களே சிரிச்சுக்கிட்டாங்க" என்றேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எத்தன மணிக்குங்க?"

"பத்தரை இருக்கும்."

"வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

"இல்லையே. வலியே இல்லைன்னாங்க."

"அதானுங்ணா பயமே" என்றார். அவரோடு கல்குவாரியில் வேலை பார்த்த ஒருவருக்கு இதே மாதிரி ஆனதாம். வெளியே பொட்டுதான் தெரியும். ஆனால் அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய், விரல் நெடுகப் பரவிவிடுமாம். உள்ளே இருந்துகொண்டே சதையை அழுக வைக்குமாம். அந்த ஆள் வலியில்லை என்று நான்கு நாள் வைத்திருந்து, கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்களாம். கை தப்பியதே பெரிது என்றார்களாம். வெட்டித் திறந்து சுத்தம் செய்தால்தான் உண்டு, அதையும் சீக்கிரம் செய்தாக வேண்டுமாம்.

என் கண்ணுக்கு முன்னால் அந்த அக்காவின் கை வந்து நின்றது. செடிக்குச் செடி பாய்ந்து, இலை ஒன்று உதிராமல் பழத்தை மட்டும் உருவி எடுக்கிற கை. அந்தக் கையை வைத்துத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர் கணவர் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தாலும், மாதத்தில் பாதி நாள் ஆஸ்துமாவோடு படுத்துவிடுவார்.

ஆபரேட்டர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "நானும் வர்றேன், வாங்க. நீங்க தனியாச் சொன்னா நம்ப மாட்டாங்க" என்று, வண்டிச் சாவியைக் கிளீனரிடம் கொடுத்துவிட்டு என் பைக்கில் ஏறிக்கொண்டார். ஏறும்போதே இன்னொன்றும் சொன்னார். "உங்க கிரீஸ் டப்பாவ எடுத்துக்கோங்க. என்ன கிரீஸுன்னு டாக்டர் கேப்பாங்க."

அக்கா எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, சட்டி வெந்நீரில் கையை வைத்திருந்தார். கையை எடுக்கச் சொன்னேன். விரல் விறைத்து, பாதி வெளுத்தும் பாதி நீலம் பாரித்தும் இருந்தது. வீக்கம் உள்ளங்கை வரை இறங்கியிருந்தது. அப்போது வலியும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினார்.

"சேலம் போலாம் அக்கா. கிளம்புங்க" என்றேன்.

"எதுக்குத் தம்பி? ஊசி போட்டிருக்குது. காலைல வத்திரும்."

ஆபரேட்டர் அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தன் கூட்டாளிக்கு நடந்ததை ஒன்று விடாமல் நிதானமாகச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பயம் வந்தது தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, நான் முள்ளுன்னு சொல்லிட்டேன். இப்பப் போயி மெசினுன்னா ரைட்டரு உன்னைய எஸ்டேட்டுக்குள்ளயே உட மாட்டாரு. ஊட்டுல பச்சக்கொழந்த இருக்குது. நீ வாயத் தொறக்காத. நான் நாளைக்கு பஸ்ஸுல போயிக் காட்டிக்கறேன்."

அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்த வாசலில் நின்று அழுதேன். காலையில் நான் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தபோது இந்த மனுஷி என் மகளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஓடினேன். எஸ்டேட் ஆபீஸில் ரைட்டர் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "ஏனுங்க சார், அது முள்ளு இல்லீங்க. என்னோட கிரீஸ் கன்னு. ஓஸ் ஓட்டைன்னு தெரிஞ்சும் நாந்தான் அவங்களப் புடிக்கச் சொன்னேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் எழுந்து வந்து என் முகத்துக்கு நேராக நின்றார். அறையப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"காலைல உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்றார். உடனே ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். அக்காவின் கணவருக்கும் போன் போட்டு, ஏற்காட்டில் ரோட்டுக்கு வந்து நிற்கச் சொன்னார்.

நாலரைக்கு மலை இறங்கினோம். ஆபரேட்டர் நாகலூரில் இறங்கிக்கொண்டார். ஏற்காட்டில் அக்காவின் கணவர் ஏறிக்கொண்டார். அக்கா கையை மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப் சாயும்போது அவர் உதட்டைக் கடிப்பது தெரிந்தது. இருபது வளைவையும் அன்றைக்குத்தான் நான் எண்ணினேன். பாதி வழியில் அவர், "ஊட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டியா சாமி? அந்தப் புள்ள தேடப் போவுது" என்றார். நான் அப்புறம்தான் போனை எடுத்தேன்.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர், கிரீஸ் கன் என்ற வார்த்தையைக் கேட்டதுமே மற்ற வேலையை விட்டுவிட்டு வந்தார். டப்பாவை வாங்கிப் பார்த்தார். எப்போது நடந்தது என்று இரண்டு தடவை கேட்டார். உடனே ஆபரேஷன். விரல் நுனியிலிருந்து உள்ளங்கை பாதி வரை திறந்து, உள்ளே அப்பியிருந்த கிரீஸை வழித்து எடுத்தார்களாம். அடுத்த வாரம் இன்னொரு முறையும் திறந்தார்கள். விரல் தப்பியது. கை தப்பியது.

முதல் ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், நான்தான் மெக்கானிக் என்று தெரிந்து என்னைத் தனியே கூப்பிட்டார். விரலை எடுக்க வேண்டி வராது, ஆனால் முழுதாக மடங்குமா என்பது சந்தேகம் என்றார். பிறகு, "காலைலயே என்ன நடந்ததுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருந்தா நல்லா மடங்கியிருக்கும்" என்றார். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அந்த சீசன் முழுக்க ரைட்டர் என்னை எஸ்டேட்டுக்குள் விடவில்லை. நியாயம்தான். ஆஸ்பத்திரிச் செலவை எஸ்டேட்டே ஏற்றுக்கொண்டது. நான் கன்னைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கினேன். இப்போது கன் அடிக்கும்போது யாரையும் பக்கத்தில்கூட நிற்க விடுவதில்லை. நிப்பிள் அடைத்திருந்தால் முதலில் அடைப்பை எடுக்கிறேன். போகிற எஸ்டேட்டிலெல்லாம் மெஷின் பக்கம் இருப்பவர்களை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்கிறேன். பொட்டுதானே என்று யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். அந்த ஆபரேட்டரை அப்புறம் பார்க்கவே முடியவில்லை. மண் அள்ளி முடித்து வண்டி வேறு எங்கோ போய்விட்டது. பேரைக் கேட்டு வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னதை மட்டும் அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்ல நாலைந்து முறை போனேன். போகும்போதெல்லாம் அவர் காப்பி வைத்துக் கொடுத்தார். விரலுக்குப் பயிற்சி செய்கிறேன் என்று மடக்கிக் காட்டினார். பாதிதான் மடங்கும். நான் குடித்துவிட்டு, குழந்தை தவழ்கிறாள், நடக்கிறாள் என்று எதையாவது பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

அடுத்த சீசனில் ரைட்டர் மறுபடியும் கூப்பிட்டார். வேலை முடிந்து இறங்கி வருகையில், சரிவில் அக்கா பழம் பறித்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் நீட்டியபடியே நிற்க, நடு விரலையும் கட்டை விரலையும் வைத்து உருவிக்கொண்டிருந்தார். பழைய வேகம் இல்லை. அவரைவிட வயதில் பெரியவர்கள்கூட அடுத்த வரிசைக்குப் போய்விட்டிருந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு ரைட்டர் கேட்டப்பவே நான் சொல்லியிருந்தா உங்க வெரல் முழுசா மடங்கியிருக்கும். டாக்டர் அப்பவே என்கிட்ட சொன்னாரு. நான் உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

அவர் பறிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குந் தெரியும் கண்ணு" என்றார். "கட்டுப் பிரிச்ச அன்னைக்கே என்றகிட்டயும் சொன்னாரு."

அப்புறம் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். ஒரு வருடமாக எல்லாம் தெரிந்தே எனக்குக் காப்பி கொடுத்து, என் மகளை விசாரித்து, ஒரு சுடுசொல் சொல்லாமல் இருந்திருக்கிறார். இப்போதெல்லாம் வேலையில் என் கையால் எது தவறினாலும், யாரும் கேட்கும் முன்பே போய்ச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு நான் பேசாமல் இருந்த அந்த ஐந்து மணி நேரத்தை அவர் மன்னித்துவிட்டார் என்பதைத்தான் என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.